படியேறியது யார்?

“என் வீட்டுக்காரர் வேஷத்துல எவனோ மாடி ஏறியிருக்கான், டீச்சர். அது எவன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு அது போதும்.”

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைப் பிரிவில் நின்றபடி டிரைவரின் மனைவி சொன்னாள். வாய் பேசினாலும் கை நிற்கவில்லை. உலர்த்தும் இயந்திரம் துப்பிக்கொண்டே இருந்த படுக்கை விரிப்புகளை எடுத்து, உதறி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். கூட மடிக்கிறவள் அன்றைக்கு வரவில்லை. அதனால் விரிப்பின் மறுமுனை ரேடியோவின் கையில் இருந்தது.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நிறுத்த வழியில்லாத வாய்க்கு நண்பர்கள் வைத்தது. டீச்சரும் டீச்சர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்து, பொய்க் காய்ச்சல், பொய் மரணம் என்று மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். கம்பெனி போதும் என்று அனுப்பிவிட்ட பிறகு சொந்தமாக ஒரு துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்த்தால் பெரிய பெரிய ஆட்களே வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி முழிப்பார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ரேடியோ அவருடைய ஒரே உதவியாளன். வேறு யாரும் அவனைத் தாங்க மாட்டார்கள், அவரையும் தாங்க மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தப் பார்வைக்கே தெம்பு இல்லை. குதிகால் வலி காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நீராவிப் புழுக்கத்தில் கண்ணாடி வேறு மங்கியது. துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கம்மா.”

“பஸ் மோதினதுல அவருக்கு முதுகு போச்சு. இடது கால்ல உணர்ச்சியே இல்ல. வீட்டுக்குள்ளயே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறார். உடம்பு முடியாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவித்தொகைக்கு மனு போட்டோம். ஆய்வாளர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். என்னைக்குன்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்களாம். ஒருநாள் காலையில, நான் இங்க வேலையில இருந்தப்ப, வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். அப்புறம் பார்த்தா மனு தள்ளுபடி!”

“என்ன காரணம் சொன்னாங்க?”

“டிரைவர் யூனிபார்ம் போட்டு, ஷூ மாட்டி, தலை வாரி, ஜம்முனு ஒரு ஆள் கதவைத் திறந்தாராம். சட்டையில எங்க வீட்டுக்காரரோட பேட்ஜ் நம்பரே இருந்துச்சாம். விறுவிறுன்னு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணித் தொட்டி மூடியைச் சரி பண்ணிட்டு, மேலேர்ந்து சிரிச்சுக்கிட்டே கை காட்டினாராம். இது எப்படி டீச்சர் எங்க வீட்டுக்காரரா இருக்க முடியும்?”

“அவரைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். யார் வந்தாங்கன்னே தெரியாது, தூங்கிட்டேங்கிறார்.”

ரேடியோவுக்கு வாய் அரித்தது. “ஒண்ணு, உங்க வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி இருக்கணும். இல்லன்னா அந்த ஆய்வாளருக்கு வேலை நேரத்துல கனவு காண்ற வியாதி இருக்கணும். அரசாங்க ஆபீஸ்ங்கிறதால நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.”

“விரிப்பை இழுத்துப் பிடி,” என்றார் டீச்சர்.

“நாளைக்குக் காலையில அப்பீல் விசாரணை,” என்றாள் அவள். “இதுலயும் இல்லைன்னுட்டா மறுபடி மனுவே போட முடியாதாம். நான் ரெண்டு ஷிப்ட் பார்க்கிறேன். எத்தனை நாளைக்கு இந்த உடம்பு ஓடும்? நானும் படுத்துட்டா அந்த மனுஷனை எழுப்பி உட்கார வைக்கக்கூட நாதி கிடையாது.”

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. வெந்நீரிலும் சூட்டிலும் சிவந்து தடித்துப்போன கைகள் அடுத்த விரிப்பை எடுத்தன.

“அந்த யூனிபார்ம் இப்ப எங்க இருக்கு?”

“அலமாரியில. விபத்துக்கு அப்புறம் நானே துவைச்சு இஸ்திரி போட்டு மாட்டினது. பேன்ட்டும் அதுலயேதான் தொங்குது. அதை அன்னையிலேர்ந்து யாரும் தொடல.”

“அதை எடுத்துப் போட்டுக்கிட்டா அவர் சாயல்ல தெரியிற ஆள் யாராவது உண்டா?”

கை முதல் தடவையாக நின்றது. “அவரோட தம்பி. அதே டிப்போவுல டிரைவர். ஆனா தங்கமான பையன், டீச்சர்.”

“தங்கம்னாத்தான் உரசிப் பார்க்கணும்,” என்றான் ரேடியோ.

*

டிப்போவில் தம்பி பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் திரும்பினான். முதலில் தொந்தி வந்தது, பிறகுதான் அவன் வந்தான். முகச்சாயல் அப்படியே அண்ணன்தான் என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

“அன்னைக்கு நான் டூட்டியில இருந்தேன், மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றான். கேள்வி முழுதாக முடியும் முன்பே பதில் வந்தது டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

ரேடியோ இரண்டு கையிலும் டீயோடு வந்து சேர்ந்தான். “அண்ணே, பொய் சொல்றதுன்னா டூட்டி ஆபீஸ்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும். அன்னைக்கு நீங்க பாதி நாள் லீவாமே? பாவம், அவர் பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போன மனுஷன். என்னையே பேச விடல, பார்த்துக்குங்க.”

தம்பியின் நெற்றி வியர்த்தது. துடைக்கிற துணியைக் கசக்கினான். டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்வையில் பாதி பலம்தான் இருந்தது, ஆனால் தம்பிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“சரி, நான்தான்,” என்றான். “அண்ணனோட யூனிபார்மைப் போட்டுக்கிட்டு மாடி ஏறினது நான்தான்.”

“எதுக்கு அண்ணன் யூனிபார்ம்?”

“என்னோடது... துவைக்கப் போட்டிருந்தேன்.”

“மாடியில எப்படி இருந்துச்சு?”

“எப்படின்னா? ஒரு பொட்டு நிழல் கிடையாது, மேடம். தரை அப்படியே கொதிக்குது. தொட்டிக்குப் பின்னாடி ஒரு ஆள் ஒடுங்கி உட்கார்ற அளவுக்குத்தான் நிழல். உச்சி வெயில்ல அதுவும் போயிடும்.” பஸ் கண்ணாடியில் இல்லாத அழுக்கை மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

“நாளைக்கு விசாரணையில இதைச் சொல்லுவீங்களா? ஆள்மாறாட்டம்னு போலீஸ் கேஸ் வரும். வேலையும் போயிடும்.”

“போகட்டும். அண்ணனுக்கு உதவித்தொகை கிடைச்சிடும்ல?”

வெளியே வந்ததும் ரேடியோ கையைத் தட்டிக்கொண்டான். “கேஸ் முடிஞ்சுது டீச்சர். வாங்க, உங்க குதிகாலை வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வைப்போம்.”

“இவ்வளவு சுலபமா ஒருத்தன் குத்தத்தை ஒத்துக்கிட்டா எனக்குப் பிடிக்காது.”

“ஒத்துக்கலைன்னாலும் உங்களுக்குப் பிடிக்காது. கல்யாண வயசுல உங்களைப் பெண் பார்க்க வந்தவங்க பாவம்.”

டீச்சர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினார். அந்த யூனிபார்மைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. கால் மட்டும் வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது.

*

கதவு திறக்க வெகு நேரம் ஆயிற்று. டிரைவர் சுவரோடு சுவராக வந்து திறந்தார். அவர் கைபட்டுக் கைபட்டு அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. தொளதொள பைஜாமா. முன்னொரு காலத்தில் நல்ல ஆகிருதியான ஆளாக இருந்திருக்க வேண்டும். இப்போது தோள் எலும்பு சட்டைக்கு மேலாகத் துருத்திக்கொண்டிருந்தது.

“அதான் தூங்கிட்டேன்னு சொன்னேனே,” என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பதில் கைவசம் தயாராக இருந்தது.

“உங்க யூனிபார்மைப் பார்க்கலாமா?”

டிரைவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரேடியோ அலமாரியைத் திறந்திருந்தான். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் தொங்கியது. காலரில் அழுக்கில்லை. டீச்சர் பேன்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இடுப்புப் பட்டியைத் திருப்பினார். விரலால் தடவினார்.

“ரேடியோ, இதை இடுப்புல வெச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தான். “எனக்கே பத்தாது, டீச்சர். நான் ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பிடுற சம்பளக்காரன். டிப்போவுல பார்த்த தம்பியோட ஒரு தொடைகூட இதுக்குள்ள போகாது.”

“பழைய கொக்கி இருந்த இடத்துல நூல் பிரிச்ச தடம் இருக்கு. கொக்கியை உள்ள தள்ளித் தைச்சிருக்கு. கறுப்பு பேன்ட்டுல வெள்ளை நூல், கோணல்மாணலா. துணியோடவே வாழுற உங்க சம்சாரம் இப்படித் தைக்க மாட்டாங்க.” டீச்சர் தலையைத் தூக்கினார். “யாருமே தொடாத பேன்ட்டை, இளைச்சுப்போன இடுப்புக்குத் தகுந்த மாதிரி யார் தைச்சது?”

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தெருவைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. அதன் காலடியில் ஒரு ஜோடி ஷூ, பளபளவென்று.

“அவ காலையில வேலைக்குப் போயிடுவா,” என்றார் கடைசியில். “அப்புறம் நான் எழுந்து யூனிபார்ம் போட்டுக்குவேன். ஷூ மாட்டத்தான் ரொம்ப நேரம் பிடிக்கும். போட்டுக்கிட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்துடுவேன். காலர் அழுக்கானா துடைச்சுக்குவேன், மடிப்புக் கலைஞ்சா இஸ்திரி போட்டுக்குவேன். அவ வர்றதுக்குள்ள கழட்டி இருந்த மாதிரியே மாட்டிடுவேன்.”

“தினமுமா?” என்றான் ரேடியோ. அவன் குரலில் கிண்டல் இல்லை.

“டிப்போவுல சொல்லியிருந்தாங்க. ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார், தேறியிருந்தா டிக்கெட் கவுன்டர்லயோ கேட்லயோ வேலை போட்டுத் தருவோம்னு. என்னைக்கு வருவார்னு தெரியாது. அவர் வர்ற அன்னைக்குப் பார்த்து நான் பைஜாமாவுல விழுந்து கிடந்தா?” ஷூவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அன்னைக்கு ஒருத்தர் பைலோட வந்தார். யாரு என்னன்னு சொல்லல. அவசரத்துல இருந்தார். வந்ததும் வராததுமா நிக்க முடியுமா, நடக்க முடியுமா, படி ஏற முடியுமான்னு கேட்டார். நான் டிப்போ ஆளுன்னே நினைச்சுட்டேன். வலி மாத்திரை ரெண்டு காலையிலேயே போட்டிருந்தேன். ‘படிதானே சார், இதோ பாருங்க’ன்னேன். கைப்பிடியை எட்டிப் பிடிச்சு இழுத்து இழுத்து ஏறினேன். பல்லைக் கடிச்சது தெரியக் கூடாதுன்னு சிரிச்சேன்.”

வேலைக்கான பரீட்சை என்று நினைத்து அந்த மனிதர் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறார். திருத்தியவர்கள் வேறு ஆட்கள். அங்கே பாஸ் ஆனால்தான் பெயில்.

“டிப்போ ஆள் அப்புறம் வந்தாரா?”

“இன்னைக்கு வரைக்கும் வரல.” அவர் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தார். “அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ கையைப் பார்த்தீங்கல்ல? நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா அவ என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

தெருவுக்கு வந்த பிறகு ரேடியோ வெகு தூரம் பேசாமல் நடந்தான். அதுவே ஒரு சாதனைதான்.

“இப்ப என்ன டீச்சர் பண்றது? தம்பி வாயைத் திறந்தா தம்பிக்கு ஜெயில். அண்ணன் திறந்தா தள்ளுபடி. ரெண்டு பேரும் மூடிக்கிட்டு இருந்தாலும் தள்ளுபடி. பேசாம நான்தான் ஏறினேன்னு சொல்லிடட்டுமா? பேன்ட் மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று இத்தனை காலம் இருந்துவிட்டார். இன்றைக்கு உண்மை கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் உறுத்தியது. ஏறினாரா இல்லையா என்று மட்டுமே பார்த்துப் பழகிய மூளை அதற்கு மேல் நகர மறுத்தது.

*

மறுநாள் காலை. உடல் இயலாதவர்களுக்கான மேல்முறையீட்டு அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் வாசலில் ‘பழுது’ என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையின் மேலேயே தூசி படிந்திருந்தது.

“இந்த ஆபீஸுக்கு இடம் பார்த்த மகானைத்தான் டீச்சர் நாம முதல்ல தேடிப் பிடிக்கணும்,” என்றான் ரேடியோ.

படிக்கட்டின் அடியில் பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். யூனிபார்ம், ஷூ, வாரிய தலை. விசாரணைக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று எடுத்துப் போட்டுக்கொண்டாராம். அப்படித்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்ததால் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. தம்பி தூணோரமாக நின்று காலரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். தூக்குமேடைக்குப் போகிறவன் முகம்.

மேலேயிருந்து பியூன் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான். “டிரைவர் மனு! ஆள் வந்தாச்சா? மேல வரலைன்னா அதிகாரி ஆஜராகலைன்னு எழுதிக் கட்டிடுவார்!”

நல்ல வேடிக்கை. ஏறாவிட்டால் கேஸ் இல்லை. ஏறினால், அதான் ஏறுகிறாரே என்று கேஸ் இல்லை.

“ஏறிடறேன்,” என்று டிரைவர் எழுந்தார்.

கைப்பிடியைப் பிடித்தார். வலது காலை முதல் படியில் வைத்து, கையால் உடம்பை இழுத்து மேலேற்றினார். ஏறியும்விட்டார். அடுத்த படிக்குக் கையை நீட்டும் முன் தற்செயலாகத் திரும்பிக் கீழே பார்த்தார். விட்டு வந்த தரை ஒரே ஒரு படி தள்ளித்தான் இருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் வெளுத்தது.

அதே நொடியில், யாரும் கூப்பிடாமல், தூணோரம் நின்ற தம்பி ஓடிவந்து அண்ணனுக்கு முன்னால் கீழே நின்றான். திரும்பிக்கொண்டு முதுகைக் குனிந்து கொடுத்தான். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், ஒரு ஆளைத் தாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

முதல் தடவை செய்கிறவன் அப்படி நிற்க மாட்டான்.

டீச்சரின் குதிகால் வலி அந்த நிமிஷம் காணாமல் போயிற்று. “ரேடியோ, தம்பி பாதி நாள் லீவுன்னியே, எந்தப் பாதி?”

“மத்தியானத்துக்கு மேல.”

“ஆய்வாளர் வந்தது காலையில!”

“அட!” என்றான் ரேடியோ.

காலையில் வந்தவர் பார்த்தது தம்பியை அல்ல. ஆனாலும் மாடியில் ஒரு பொட்டு நிழல் இல்லை என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டி மூடியைச் சரிசெய்துவிட்டு இறங்குகிறவன் நிழலைப் பற்றி எதற்குக் கவலைப்படப்போகிறான்? தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

“உட்காருங்க,” என்றார் டீச்சர். “இனி ஒரு படிகூட நீங்க ஏறக் கூடாது.”

“ஆஜராகலைன்னு எழுதிட்டாங்கன்னா...”

“உட்காருங்கன்னு சொன்னேன்!”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நிஜமாகவே ஒரு டீச்சர் மாதிரி அதட்டினார். டிரைவர் தம்பியின் தோளைப் பிடித்து அந்த முதல் படியிலேயே உட்கார்ந்தார். டீச்சர் மேலே ஏறினார். பாதி மாடியிலேயே குதிகால் தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது.

அப்பீல் அதிகாரிக்கு ஜலதோஷம். மேஜையில் பைல்கள் இருபுறமும் மதில் மாதிரி உயர்ந்திருந்தன. பக்கத்தில் அந்த ஆய்வாளர், நேற்றும் அதற்கு முந்தின நாளும் வெயிலில் அலைந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. களைத்தவராகத் தெரிந்தார்.

“மனுதாரர் கீழ இருக்கார், சார். மேல வர மாட்டார்,” என்றார் டீச்சர்.

“வர முடியாதா, வர மாட்டாரா?” அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஏற்கனவே மாடி ஏறின ஆள்தானேம்மா?”

“ஏறினார். அது அவர்தான். மறைக்க ஒண்ணும் இல்ல.” டீச்சர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். “அவர் ஏறினதைப் பார்த்தீங்க. இறங்கினதைப் பார்த்தீங்களா?”

ஆய்வாளர் பைலைப் புரட்டிப் பார்த்தார். “மேலேர்ந்து கை காட்டினார். எனக்கு அடுத்தடுத்து வீடு இருந்துச்சு. கிளம்பிட்டேன்.”

“அப்போ இறங்கினதைப் பார்க்கல.”

“பார்க்கல.”

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டார். பெருமூச்சோடு பைலை எடுத்து இடுக்கிக்கொண்டார். “வழியைக் காட்டுங்க,” என்றார்.

*

கீழே தம்பி சொன்னான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், லிப்ட் அட்டையைப் பார்த்தே சொன்னான்.

“ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் அண்ணனுக்கு போன் போடுவேன் சார். அன்னைக்கு எடுக்கல. மத்தியானம் லீவு சொல்லிட்டு ஓடினேன். கதவு திறந்து கிடக்கு, ஆளைக் காணோம். மாடிக்குப் போனா தொட்டிக்குப் பின்னாடி ஒடுங்கி உட்கார்ந்திருக்கார். உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. காலையிலேர்ந்து அங்கேயே கிடந்திருக்கார், சார். முதுகுல தூக்கிக்கிட்டு இறங்கினேன். அண்ணிகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்.”

“அப்போ எதுக்குய்யா நீ ஏறினதா எங்ககிட்ட சொன்னே?” என்றான் ரேடியோ.

“அண்ணன்தான் ஏறினார்னு தெரிஞ்சா எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.”

யூனிபார்ம் கதையையும் ஜன்னலோர நாற்காலியையும் டிப்போ ஆளுக்காகக் காத்திருந்ததையும் டீச்சர் சுருக்கமாகச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. டிரைவரின் மனைவி கணவரின் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுகோடியில் ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி குனிந்தார். “நீங்க உங்க வாயால சொல்லுங்க. படி ஏற முடியுமா, முடியாதா?”

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலரைச் சரிசெய்துகொண்டார். இந்த மனிதருக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழக்கம்.

“முடியும் சார்,” என்றார் டிரைவர்.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

டிரைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தை அல்ல, அந்தச் சிவந்த கைகளைப் பார்த்தார். தோள் மெல்லத் தளர்ந்தது.

“ஏறிடுவேன் சார். என்னால இறங்க முடியாது. காலை எங்க வைக்கிறேன்னே எனக்குத் தெரியல.”

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதிகாரி அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, பைலை முழங்காலில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

“தள்ளுபடியை ரத்து பண்றேன். உதவித்தொகைக்கு உத்தரவு இன்னைக்கே போட்டுடறேன்,” என்றார்.

“சார், கையோட கையா அந்த லிப்ட்டுக்கும் ஒரு உத்தரவு...” என்று ஆரம்பித்த ரேடியோ, டீச்சர் திரும்பியதும் நிறுத்திக்கொண்டான். ஆனால் அவர் முறைக்கவில்லை. முதல் படியில் இடம் இல்லாததால் பெஞ்சில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அப்பாடா என்றிருந்தது.

டிரைவரின் மனைவி கணவருக்கு முன்னால் மண்டியிட்டாள். சட்டை நுனியைத் தூக்கி இடுப்புக் கொக்கியைப் பார்த்தாள். கோணல்மாணலாக ஓடிய அந்த வெள்ளை நூலை விரலால் தடவினாள்.

“யார் தைச்சது இது?”

“நான்தான்.”

“கறுப்புத் துணியில வெள்ளை நூலா?”

“கறுப்பு நூல் எங்க இருக்குன்னு உன்கிட்ட எப்படிக் கேட்கிறது?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சட்டையை இழுத்து விட்டு, சுருக்கத்தைக் கையாலேயே நீவினாள்.

“வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுங்க. பிரிச்சு ஒழுங்கா தைச்சுத் தரேன்,” என்றாள். “நாளைக்குக் காலையில போட்டுக்கணும்ல.”